ரஃபியாவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

மேசையில் சின்னஞ்சிறு உருவப் படைகளை நிறுத்தி ஆடும் பழங்காலப் போர் மினியேச்சர் போட்டிகளில் நடுவராக நிற்கும் எனக்கு வரும் 'விதிச் சந்தேகங்களில்' பெரும்பாலானவை சந்தேகங்களே அல்ல. யானை செத்த பிறகு எழும் ஆற்றாமைகள். அண்மையில் இங்கிலாந்தில் நடந்த ஒரு டிபிஏ போட்டியில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒற்றை யானைக்காக இருபது நிமிடம் வாதாடினார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் அது. அடுத்த சுற்றுக்காக மற்ற மேசைக்காரர்கள் தேநீர்க் கோப்பையோடு காத்து நின்றார்கள். இதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

டிபிஏ ஆடுபவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாக: 'டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்' என்ற அந்த விதிநூல் 1990இல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2014இல். ஆளுக்குப் பன்னிரண்டு எலிமென்ட். ஒரே அட்டையில் ஒட்டிய சில உருவங்கள் சேர்ந்தது ஓர் எலிமென்ட். மோதும்போது இருவரும் பகடை உருட்டி, அந்தந்தப் படைவகைக்குரிய எண்ணைக் கூட்டுவார்கள். குறைந்தவர் பின்வாங்குவார், எதிரியின் கூட்டுத்தொகையில் பாதியோ அதற்கும் கீழோ என்றால் பெரும்பாலும் அழிவுதான்.

அந்த மேசையில் நடந்தது இதுதான். ஒருவர் எகிப்து மன்னர் தாலமியின் படை (ஆப்பிரிக்க யானைகள்), மற்றவர் அவருடைய எதிரியான செலூசிடப் பேரரசின் படை (இந்திய யானைகள்). யானையும் யானையும் மோதின. தாலமிக்காரர் வென்றார். உடனே செலூசிடக்காரர் கையை உயர்த்தினார். "கி.மு. 217இல் ரஃபியா போரில் ஆப்பிரிக்க யானைகள் இந்திய யானைகளின் வாடையையும் பிளிறலையும் தாங்காமல் பின்வாங்கின என்று கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் எழுதியிருக்கிறார். அப்படியிருக்க என் யானை எப்படித் தோற்கும்?"

எழுதியிருக்கிறார்தான். அதையேதான் நானும் படித்திருக்கிறேன். செலூசிட மன்னர் அந்தியோக்கஸிடம் 102 யானைகள், தாலமியிடம் 73 என்ற கணக்கும் அவர் தந்ததே. ஆனால் அதே போரின் முடிவு என்ன? யானைப் போரில் தோற்ற தாலமிதான் போரில் வென்றார். அதைச் சொன்னதும் நண்பர் பேச்சை மாற்றிவிட்டார். சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் அவர் முழு வாக்குமூலத்தையும் கேட்டாக வேண்டும்.

அந்தச் சாட்சியும் நேரில் பார்த்தவர் அல்லர். போலிபியஸ் பிறந்ததே ரஃபியாவுக்குப் பிறகு. தாலமியின் யானைகள் ஆப்பிரிக்க யானைகளில் உருவில் சிறிய வன யானை இனம் என்று நெடுங்காலம் நம்பினோம். தாலமிகள் யானை பிடித்த பகுதியான எரித்திரியாவின் யானைகளின் மரபணுவை 2014இல் ஆராய்ந்தவர்கள் அவை உருவில் பெரிய புல்வெளி யானைகளே என்று கண்டார்கள். ஆக, வரலாற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லப் புகுந்தால் புதிய ஆய்வு வரும்போதெல்லாம் நான் பழைய முடிவுகளை மாற்றி எழுத வேண்டியிருக்கும். டிபிஏவில் யானை என்றால் யானை. ஒரே வகை, ஒரே எண். தரம் பிரித்து ஆட விருப்பமென்றால் அதே குடும்பத்தில் டிபிஎம் என்ற விதிநூல் இருக்கிறது. தாராளமாக அதை ஆடுங்கள்.

இதைவிட அடிக்கடி வருவது ஸாமா போர். கி.மு. 202. கார்த்தேஜின் தளபதி ஹானிபலின் எண்பது யானைகளுக்கு ரோமானியத் தளபதி ஸிபியோ தன் அணிவகுப்பில் சந்து விட்டு வழி ஒதுக்கினார். "ஆகவே என் ரோமானியர்கள் யானைக்கு வழி விடுகிறார்கள், மோதல் இல்லை" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். ஐயா, பன்னிரண்டு எலிமென்ட்தான் உங்கள் மொத்தப் படையும். ஸிபியோ விட்ட சந்து ஓர் எலிமென்ட்டை விடச் சிறியது. அது மேசையில் தெரியாது, பகடைக்குள் இருக்கிறது. உங்களுக்கு ஆறு விழுந்து எதிரியின் யானை தொலைந்ததா? அதுதான் ஸாமாவின் சந்து. ஒன்று விழுந்ததா? உங்கள் நூற்றுவர் தலைவன் சந்து விட மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்த விதிநூல் உங்களைத் தளபதியின் இடத்தில் நிறுத்துகிறது. கீழே இருக்கும் அதிகாரிகள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது உங்களுக்கு முடிவாக மட்டுமே வந்து சேரும். வரலாறு விதிக்குள் ஏற்கெனவே ஒருமுறை எண்ணப்பட்டுவிட்டது. அதை நீங்கள் இரண்டாம் முறை எண்ணச் சொல்கிறீர்கள்.

தமிழர், சிங்களவர் படைகளுக்கும் டிபிஏவில் பட்டியல் உண்டு. அதை எடுத்து ஆடும் நம்மவர்கள் புறநானூற்றை மேற்கோள் காட்டுவதுண்டு. ரசித்துக் கேட்பேன். கூடுதல் புள்ளி தரமாட்டேன்.

சரி, உண்மையான சிக்கல்களுக்கு வருகிறேன். முதலாவது பதிப்புக் குழப்பம். பத்தாண்டுக்கு மேல் 2.2 என்ற முந்தைய பதிப்பை ஆடிப் பழகிய கை மூன்றாம் பதிப்பிலும் பழையபடியே அளக்கிறது. பழைய பதிப்பில் 15 மி.மீ. உருவங்களுக்கு ஈட்டிக்காரர்களின் நகர்வு இரண்டு அங்குலம். இப்போது இரண்டு பேஸ் (எலிமென்ட்டின் அட்டை) அகலம், அதாவது 80 மி.மீ. அந்த மூன்று சென்டிமீட்டருக்காக நடந்த சண்டைகளை எழுதினால் தனி நூலாகும். நினைவிலிருந்து விதி சொல்லாதீர்கள். நூலைத் திறந்து வரியைக் காட்டுங்கள். முழு வாக்கியத்தையும் வாசியுங்கள். ஆசிரியர் பில் பார்க்கரின் இறுக்கமான நடைக்கு 'பார்க்கரீஸ்' என்றே ஒரு பெயர் உண்டு. நடுவில் ஒரு சொல்லை விழுங்கினால் பொருள் தலைகீழாகிவிடும்.

இரண்டாவது, மில்லிமீட்டர். ஓர் எலிமென்ட்டின் முன்விளிம்புக்கு முன்னே ஒரு பேஸ் அகலம் அதன் த்ரெட் ஸோன், அதாவது எதிரியை மிரட்டும் பகுதி. அதற்குள் வந்துவிட்டால் எதிரியை நேர்கொண்டு நிற்கலாம், அவரை நோக்கிப் போகலாம், நேர்பின்னால் விலகலாம்; பக்கவாட்டில் நழுவ முடியாது. மூலையோடு மூலை தொட்டு எதிரி பக்கத்தில் நின்றால் உங்கள் எண்ணில் ஒன்று குறையும். இத்தனையும் 40 மி.மீ. அட்டையில் நடக்கிறது. அந்த அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி 41 ஆக்கி வருகிறீர்கள். அதை ஒரு வெல்வெட் துணியின் மேல் வைக்கிறீர்கள். ஒருவர் மேசையில் முழங்கை ஊன்றியதும் போர்முனை முழுவதும் நகர்கிறது. பிறகு "இது தொடுகிறதா, தொடவில்லையா" என்று என்னைக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனியச் சொல்கிறீர்கள்.

குனிந்து பார்த்துப் பயனில்லை. அங்கே இருப்பது அந்த நிமிடத்து நிலவரம்; வைத்தவர் என்ன நினைத்து வைத்தார் என்பது அதில் எழுதியிருக்காது. ஆகவே நகர்த்தும்போதே வாயைத் திறந்து சொல்லுங்கள்: "இதை உங்கள் த்ரெட் ஸோனுக்கு வெளியே வைக்கிறேன், சரிதானே?" எதிரே இருப்பவர் தலையாட்டிவிட்டால் பிறகு துணி நகர்ந்தாலும் அட்டை நகர்ந்தாலும் கவலையில்லை. என்னை அழைத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சொல்லி வைத்தீர்கள்?" என்பதுதான். ஒன்றும் சொல்லாமல் வைத்தவருக்கு என்னிடம் சலுகை குறைவு.

நிலப்பரப்பும் அப்படித்தான். காட்டின் எல்லை பச்சைத் துணியின் ஓரமா, மரங்களின் வரிசையா? படைகளை நிறுத்துவதற்கு முன்பே பேசி முடியுங்கள். எது உங்கள் தளபதி என்று விரலால் காட்டுங்கள். வாள்வீரர்களில் மூன்று உருவம் ஒட்டினால் வேகமானவர்கள், நான்கு ஒட்டினால் உறுதியானவர்கள். கைக்குக் கிடைத்ததை ஒட்டிவிட்டு, "இதை மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஐந்தாம் நகர்வில் சொல்லாதீர்கள். பகடை விதிநூலில் சாய்ந்து நின்றால் மறுபடி உருட்டுங்கள். நல்ல எண் விழுந்தால் மட்டும் "நேராகத்தான் இருக்கிறது" என்பவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு விதிநூல் உண்மையிலேயே இரண்டு பொருளுக்கு இடம் தரும் தருணங்கள் வரும். அப்போது இருவரையும் கேட்டு ஒரு முடிவு சொல்வேன். தெளிவே கிடைக்கவில்லையென்றால் நானே ஒரு பகடை போடுவேன். அந்தத் தீர்ப்பு அன்று மாலைவரை எல்லா மேசைக்கும் பொருந்தும். பிடிக்கவில்லையென்றால் ஆட்டம் முடிந்த பின் வாருங்கள், நிதானமாகப் பேசுவோம்; கடிகாரம் ஓடும்போது வேண்டாம்.

முதன்முறை வருபவர்கள் இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். நீங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம். உங்கள் கேள்விகள் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். எதிரே இருபது வருட அனுபவசாலி உட்கார்ந்து, "அதெல்லாம் இப்படித்தான்" என்று நூலைத் திறக்காமலே சொன்னால் கூச்சப்படாமல் கையைத் தூக்குங்கள். அந்த மேசைக்கு முதலில் வருகிறேன்.