முழங்கால் சில்லு அறுவைச் சிகிச்சை: முன் அனுமதியில் சிக்கும் இடங்கள்

இயல்பைவிட மேலேறி நின்று அடிக்கடி விலகும் முழங்கால் சில்லுக்கு அரசு மருத்துவக் காப்பீட்டில் அறுவைச் சிகிச்சை பெற முயல்பவர்களில் பலர் முன் அனுமதி மேசையிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். காலில் இருக்கும் கோளாறு காகிதத்தில் ஏறாததே பெரும்பாலும் காரணம்.

நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த மாணவி ஒருவருக்கு நான்கு முறை சில்லு விலகியிருந்தும், அவரிடமிருந்த நான்கு ஓ.பி. சீட்டுகளிலும் ‘முழங்கால் வலி’ என்று மட்டுமே எழுதியிருந்தது. காலை நீட்டியதும் சில்லு பெரும்பாலும் தானாகவே இடத்துக்குத் திரும்பிவிடுவதால், மருத்துவர் பார்க்கும்போது வீக்கம்தான் மிஞ்சியிருக்கும். எனவே ‘சில்லு விலகியது’ என்பதும், அது எத்தனையாவது முறை என்பதும் சீட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் அறையை விட்டு வெளியேறும் முன்பே எழுதி வாங்குங்கள்.

எக்ஸ்ரே அறிக்கை ‘எலும்பு முறிவு இல்லை’ என்பதோடு முடிந்திருந்தால் அதனால் பயனில்லை. முழங்காலைச் சுமார் 30 பாகை மடக்கிப் பக்கவாட்டில் எடுத்த படத்தில், சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது இன்சால்–சால்வாட்டி விகிதம். அது 1.2-ஐத் தாண்டினால் சில்லு உயர்ந்திருப்பதாகக் கொள்வார்கள். அந்த எண் அறிக்கையில் எழுத்தில் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்து அதிகாரி தாமே அளந்துகொள்வார் என்று நம்ப வேண்டாம்.

அடுத்த சிக்கல் சிகிச்சையின் பெயர். வெளிப்பக்கத் திசுவைத் தளர்த்துவதை மட்டும் எழுதி அனுமதி வாங்கிவிடுவதுண்டு. அதை மட்டும் செய்தால் சில்லு விலகுவது பெரும்பாலும் நிற்பதில்லை. தசைநாண் பற்றியிருக்கும் கால் எலும்பு மேட்டை வெட்டிக் கீழிறக்கித் திருகாணிகளால் பொருத்துவதும், சில்லை உட்பக்கமாகப் பிடித்திருக்கும் தசைநாரைத் தொடைத் தசைநாண் கொண்டு புதிதாக அமைப்பதும் சேர்ந்தே தேவை என்று மருத்துவர் முடிவு செய்திருந்தால், இரண்டும், திருகாணிகளும், ஒரே விண்ணப்பத்தில் இடம்பெற வேண்டும். விட்டுப்போனதைப் பிறகு சேர்க்கப் போனால் மேசைக்கு மேசை அலைய விடுவார்கள்.

‘முதலில் பிசியோதெரபி செய்து பாருங்கள்’ என்ற பதிலுக்கு, செய்த நாட்களும் முத்திரையும் உள்ள குறிப்பேடுதான் மறுமொழி. வாய்ச்சொல்லை யாரும் ஏற்பதில்லை. வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) இன்னும் மூடாத சிறுவர்களுக்கு எலும்பு மேட்டை வெட்ட மறுத்தால் மட்டும் வாதாட வேண்டாம், அந்த மறுப்பில் மருத்துவ நியாயம் இருக்கிறது.

மற்ற மறுப்புகளைக் காரணத்துடனும் தேதியுடனும் எழுத்தில் கேளுங்கள். ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்பதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது.