செயற்கைக்கோள் மழைத் தரவு: மாதிரியில் இடுவதற்கு முன்

ஒருமுறை, மழையிலிருந்து ஆற்றோட்டத்தைக் கணிக்கும் என் நீரியல் கணினி மாதிரி ஆற்றில் நம்பவே முடியாத அளவு வெள்ளத்தைக் காட்டியது. மண்ணின் நீர் உறிஞ்சும் திறனைக் கூட்டினேன், ஆவியாதலைக் கூட்டினேன்; இரண்டு நாள் போயிற்று. தவறு என்னுடையதுதான். நாசாவின் செயற்கைக்கோள் மழைத் தரவான ஐமெர்க்கின் (IMERG) அரைமணிக் கோப்பில் இருப்பது பெய்த மழையின் அளவு அன்று, பெய்த வேகம். மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கு. அதைப் பாதியாக்காமல் அப்படியே கூட்டியிருந்தேன்.

மழை இரட்டித்தால் ஆற்றோட்டம் இரட்டிப்போடு நிற்பதில்லை. 100 மி.மீ. மழையில் 70 மி.மீ. மண்ணுக்குள் போனால் 30 ஓடுகிறது. அதே மண்ணில் 120 பெய்ததாகச் சொல்லிவிட்டால் 50 ஓடும். மழையில் 20 விழுக்காட்டுப் பிழை, ஓட்டத்தில் ஏறக்குறைய 67 விழுக்காடு. இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்திருந்தால் மண்ணின் எண்களை வளைத்தே கணக்கை நேராக்கியிருப்பேன். மாதிரியும் மறுபேச்சில்லாமல் ஒத்துழைத்திருக்கும்!

செயற்கைக்கோள் மழைமானி அன்று. அகச்சிவப்புக் கருவி மேக உச்சியின் குளிர்ச்சியைப் பார்க்கிறது. நிலத்தின் மேல் நுண்ணலைக் கருவி பெரும்பாலும் மேகத்திலுள்ள பனித்துகள்களை வைத்தே மழையை ஊகிக்கிறது. அதனால் மலைச்சரிவில் தாழ்ந்த மேகங்கள் கொட்டும் மழை குறைவாகப் பதிவாகும். வறண்ட நிலத்திலோ தரையைத் தொடுமுன் ஆவியாகிவிட்ட துளிகளும் மழைக் கணக்கில் சேர்ந்துவிடலாம்.

மழைமானியோடு ஒப்பிடும்போதும் நிதானம் வேண்டும். ஐமெர்க்கின் ஒரு கட்டம் பக்கத்துக்கு 0.1 பாகை, நிலநடுக்கோட்டருகே சுமார் 120 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பரப்பின் சராசரியை ஒரு சாண் வாயுள்ள மானியோடு மோதவிட்டால் உச்சமழை மழுங்கித்தான் தெரியும். மானியைக் காலையில் படிக்கிறார்கள். செயற்கைக்கோளின் நாள் உலகப் பொது நேரப்படி மாறுகிறது. இதைக் கவனிக்காமல் நல்ல தரவைக் குப்பை என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

ஐமெர்க்கின் முதல் பதிப்பு சுமார் 4 மணி நேரத்தில் கிடைக்கும். மழைமானிகளைக் கொண்டு திருத்திய இறுதிப் பதிப்புக்குச் சில மாதங்கள் ஆகும். இறுதிப் பதிப்பில் மாதிரியைப் பழக்கிவிட்டு, வெள்ள எச்சரிக்கைக்கு முதல் பதிப்பை ஊட்டுவது அடிக்கடி நடக்கிறது. மழையைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் சாய்வு இரண்டிலும் ஒன்றன்று. எச்சரிக்கைக்கு எது வரப்போகிறதோ அதிலேயே பழக்குங்கள். இறுதிப் பதிப்பைச் சரிபார்க்க எடுக்கும் மானி, அதன் திருத்தத்தில் ஏற்கெனவே சேர்ந்ததா என்றும் கேளுங்கள். சேர்ந்திருந்தால், விடைத்தாளை எழுதியவரிடமே திருத்தக் கொடுத்த கதைதான்.