முறைவைப்புப் பிழை: 'ஷெட்யூல் எரர்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலர் பற்றி எழுதும்போது 'ஷெட்யூல்' என்பதை 'அட்டவணை' என்று பெயர்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே கடிகாரமே கிடையாது. என்ன கணக்கு என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. அதை எந்த வரிசையில், எத்தனை துண்டாக்கி, எத்தனை இழைகளுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடுகளுக்கு) பங்கிட்டுச் செய்வது என்பதே ஷெட்யூல். கணக்கையும் இந்தப் பங்கீட்டையும் பிரித்தெழுதும் வழக்கத்தை 2012-இல் வெளிவந்த ஹாலைடு மொழி பரப்பியது; டிவிஎம் என்ற கம்பைலர் அதே வழியில் வந்தது.

லத்தீனில் 'ஸ்கெடா' என்றால் பாப்பிரஸ் ஏடு. 'ஸ்கெடுலா' சின்ன ஏடு, நம் ஓலை நறுக்கைப் போல. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆவணத்தோடு இணைக்கும் தாளுக்குப் பெயராயிற்று. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இருப்பது அந்தப் பழைய பொருள்தான். நேரக்கணக்கு, ரயில் வந்த 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. எல்லை தாண்டினால் கேரள அரசுப் பேருந்துக்காரர்கள் ஒரு வண்டியின் ஓட்டத்தையே 'ஷெட்யூள்' என்பார்கள்.

நமக்கான சொல் வாய்க்கால் கரையில் கிடக்கிறது. 1970-ஆம் ஆண்டுப் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குச் சேர வேண்டும். அதை நம்பித்தான் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து வயல்கள். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் அப்பாரு, "இன்னிக்கு நம்ம முறை" என்று மண்வெட்டியோடு கிளம்புவார். எந்த மடை முதலில், யாருக்கு எவ்வளவு, அடுத்து யார் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ஆகவே ஷெட்யூலுக்கு 'முறைவைப்பு' என்கிறேன்.

தானாகச் சுருதி சேர்க்கும் ('ஆட்டோட்யூனிங்') கம்பைலர், ஆயிரக்கணக்கில் முறைவைப்புகளை ஆக்கி, இயந்திரத்தில் ஓட்டி, வேகமானதைப் பொறுக்கும். ஆக்கியவற்றில் பல நடக்காதவை. என்விடியா சில்லில், சேர்ந்து ஓடும் இழைகளின் ஒரு தொகுதிக்கு ('பிளாக்') 1024 இழைகளே உச்சம்; 64 × 32 என்று பங்கிட்டால் 2048 ஆகிவிடும். இதுதான் முறைவைப்புப் பிழை. இதற்காக இரவெல்லாம் ஓடும் தேடல் சாகக் கூடாது. அந்த ஒன்றை ஒதுக்கி, காரணத்தைப் பதிந்து, மிக மோசமான மதிப்பெண் கொடுத்து அடுத்ததற்குப் போக வேண்டும். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் தேடல் அந்தப் பக்கம் குறைவாகப் போகும். ஒரு வயலில் வரப்பு உடைந்தால் அந்த மடையை மட்டும் அடைத்து முறையை அடுத்தவருக்கு விடுவோம். தலைமதகை யாரும் மூடுவதில்லை. ஆங்கிலத்தில் 'கிரேஸ்ஃபுல்' எனப்படும் இந்தக் கையாளுதலைத் தமிழில் 'நயமாக' என்று எழுதுகிறார்கள். 'நிதானமாக' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் வருகிற பிழையையெல்லாம் விழுங்குவது நிதானம் ஆகாது. நடக்காத முறைவைப்பு எதிர்பார்த்த பிழை. கம்பைலர் தவறான விடையைத் தந்தால் அது வேறு சாதி, அதற்குத் தனிப் பெயரும் தனிப் பதிவும் வேண்டும். நூறு முறைவைப்பில் நூறும் பிழை என்றால் முறைவைப்புகளைச் சந்தேகிப்பதில் பயனில்லை; கோளாறு வேறெங்கோ இருக்கும். தேடலை நிறுத்திவிட்டு, பதிவேட்டின் முதல் பிழையை முழுதாகப் படியுங்கள்.