பந்தலுக்குக் கீழே ஒரு கனவுக் கணக்கு

எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவராவது இதைச் சொல்லிவிடுகிறார்: "நேத்து ராத்திரிதான் கனவுல வந்தாரு." எங்கள் சித்தப்பா இறந்த அன்று அதைச் சொன்னது பெரியம்மா. "வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. அண்ணி, செருப்பை எடுத்து உள்ள வைங்கங்கிறாரு. எதுக்குடா இந்த நேரத்துலன்னு முழிச்சுப் பார்த்தா மணி நாலரை. ஆறு மணிக்கு போன் வருது." சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பெரியம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படியானால் இதை எப்படி எடுத்துக்கொள்வது?

"நேற்று ராத்திரி, இந்தப் பெரியம்மாவுக்கு, இந்தச் சித்தப்பா" என்று கேட்டால் வாய்ப்பு மிகமிகக் குறைவுதான். ஆனால் அவருக்கு வராமல் வேறு ஊரில் வேறு ஒரு பெரியம்மாவுக்கு வந்திருந்தால், அந்தப் பந்தலில் அந்தக் கதை ஓடியிருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: தமிழ்நாடு முழுக்க ஓர் ஆண்டில் இப்படி எத்தனை பேருக்குத் தற்செயலாகவே நடக்கும்?

போட்டுப் பார்க்கலாம். இங்கே ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஆறேழு பேர் இறக்கிறார்கள். 7 என்று வைத்தால், குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட ஒரு நாளில் இறப்பதற்கான நிகழ்தகவு சுமார் 52,000-இல் ஒன்று. தெரிந்தவர் இறந்துபோவதுபோல, அல்லது விடைபெறுவதுபோல, காலையில் நினைவில் நிற்கும் கனவு ஒருவருக்குப் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது என்போம். இது என் ஊகம்; வேண்டுமென்றே குறைத்துத்தான் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 7.21 கோடி, அதில் பெரியவர்கள் 5 கோடி என்று வைத்தால், ஆண்டுக்கு 50 லட்சம் சாவுக் கனவுகள். 52,000-ஆல் வகுத்தால் 96. எந்த மாயமும் இல்லாமல், வருடத்துக்கு நூறு பந்தல்களில் ஒருவர் "நேத்துதான் கனவு கண்டேன்" என்று சொல்வார், சத்தியமாகவே சொல்வார்.

இந்த வகைக் கணக்கை எனக்கு முன்பே ஒரு பெரிய ஆள் போட்டிருக்கிறார். அமெரிக்க இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வாரெஸ் ஒரு நாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வரி அவரை எங்கோ இழுத்துப்போய், 30 வருடமாக நினைக்காத கல்லூரிக் கால மனிதர் ஒருவரை நினைவுபடுத்தியது. சில நிமிடத்தில் அதே பேப்பரில் அந்த மனிதரின் மரணச் செய்தி! திகைத்துப்போனவர் பென்சிலை எடுத்தார். அமெரிக்காவில் இத்தகைய அனுபவம் ஆண்டுக்குச் சுமார் 3,000 பேருக்கு வெறும் தற்செயலாகவே நேரும் என்று கணக்கிட்டு, 1965-இல் 'சயன்ஸ்' இதழுக்குக் கடிதமாக எழுதினார். மூன்று வருடம் கழித்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, வேறு வேலைக்காக.

என் 96 குறைவான எண் என்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, கெடு. கனவு கண்ட 24 மணி நேரத்துக்குள் என்றுதான் கணக்குப் போட்டேன். ஒரு வாரம் கழித்து நடந்தாலும் "போன வாரம் கண்டேனே" என்போம் இல்லையா? அப்போது எண் ஏழு மடங்காகி, நாளுக்கு ஏறக்குறைய இரண்டு பேர் என்றாகிவிடும். பழைய கனாநூல் பாட்டு இதில் இன்னும் தாராளம்: முதல் சாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும், இரண்டாம் சாமத்தது எட்டு மாதத்தில், மூன்றாவது மூன்று மாதத்தில், கடைச்சாமத்தது பத்தே நாளில். ஓராண்டு கெடு கொடுத்தால் 52,000 என்பது 143 ஆக இறங்கிவிடுகிறது.

இரண்டாவது, யாரைக் கனவு காண்கிறோம் என்பது. சித்தப்பா மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டில் வேறு பேச்சே இல்லை. பகலெல்லாம் நினைத்தவர் இரவில் வருவது அதிசயமா? ஒரு மாதம் தாங்குவது கஷ்டம் என்ற நிலையில் இருப்பவருக்கு, ஒரு நாளைய நிகழ்தகவு முப்பதில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அந்த நாலரை மணிக்கு வருவோம். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று சொல்லாத பாட்டி கிடையாது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும், தூங்குபவரின் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று உண்டு என்று காட்டினார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவைச் சொல்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணிக்கொரு தடவை அது வருகிறது. முன்னிரவில் சில நிமிடம், விடியும் நேரத்தில் அரை மணிக்கும் மேல். கனவு முடிந்தும் தூக்கம் தொடர்ந்தால் அது அழிந்துபோகும்; நடுவிலேயே விழித்தால்தான் மிஞ்சும். ஆக, நினைவில் நிற்பதே பெரும்பாலும் விடியற்காலைக் கனவுதான். நினைவில் நின்றால்தானே பலித்ததா என்று பார்க்க முடியும்! பாட்டி கவனித்தது சரி, காரணம்தான் வேறு.

மறந்துபோன கனவுகளும் பலிக்காத கனவுகளும் எண்ணிக்கையில் வருவதே இல்லை. அவற்றையும் சேர்த்து எண்ண ஒரு முறை சந்தர்ப்பம் வாய்த்தது. 1932 மார்ச் 1 அன்று விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் கைக்குழந்தை நியூ ஜெர்சி வீட்டிலிருந்து கடத்தப்பட்டது. ஹார்வர்டில் உளவியலாளராக இருந்த ஹென்றி மர்ரே, குழந்தையின் கதி தெரிவதற்கு முன்பே, அதைப் பற்றிய கனவுகளை எழுதி அனுப்பும்படி பத்திரிகை வழியாகக் கேட்டார். 1,300-க்கும் மேல் வந்தன. மே 12 அன்று, வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மரங்களுக்கு நடுவே ஆழமில்லாத குழியில் உடல் கிடைத்தது. குழந்தை இறந்துவிட்டதாகக் கண்ட கனவுகள் சுமார் 5 சதவீதம். இறந்தது, குழி, மரங்கள் ஆகிய மூன்றும் இருந்தவை நான்கே நான்கு. அந்த நால்வரை மட்டும் ஒரு மேடையில் உட்கார வைத்திருந்தால் ஊரே கும்பிட்டிருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம் இந்தக் கணக்கை மெதுவாகச் சொன்னேன். வருடத்துக்கு நூறு பேருக்கு இது தானாகவே நடக்கும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிடா. நூறு பேருல ஒருத்திதான் நான். அஞ்சு கோடிப் பேரு இருக்கையில அவரு என் வாசல்ல வந்து நின்னாரே, அதைச் சொல்லு."

கணக்கு நூறு பேர் என்று சொல்லும். எந்த நூறு பேர் என்று சொல்லாது. நான் டம்ளரை வாங்கி அடுப்படியில் வைத்தேன்.