பேஜர்: விளிப்பான்

தொண்ணூறுகளில் பெல்ட்டில் செருகிய, செய்தியை வாங்க மட்டுமே தெரிந்த கறுப்பு டப்பாவாக நாம் பார்த்த பேஜருக்கும் புத்தகத்தின் பேஜுக்கும் உறவில்லை. புத்தகப் பேஜ் லத்தீன் வழி வந்தது. இதுவோ பணியாள் சிறுவனைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல். ஹோட்டல் கூடத்தில் விருந்தினர் பெயரைக் கூவிக்கொண்டே போவது அந்தப் பையனின் வேலை. பிறகு, கூவி அழைப்பதற்கே அது பெயராகிவிட்டது.

கருவியும் கூவத்தான் செய்கிறது. ஒரு வட்டாரத்துக் கோபுரங்கள் எல்லாம் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் வீசும். செய்தியின் தலையில் ஓர் எண் இருக்கும். எல்லாப் பேஜர்களும் கேட்கும். எண்ணுக்குரியது மட்டும் ஒலிக்கும். போக்சாக் என்ற செய்தி அனுப்பும் முறையில் ஒவ்வொரு பேஜருக்கும் கேட்பதற்கென ஒரு கணத்தை ஒதுக்கியிருப்பார்கள். அந்தக் கணத்தில் மட்டும் விழித்துக் கேட்டுவிட்டு மறுபடி உறங்கிவிடும். அதனால்தான் ஒரு சின்ன பேட்டரியே வாரக்கணக்கில் வரும். பதில் பேசாது என்பதால், ஆள் எங்கே இருக்கிறார் என்று கோபுரம் தேட வேண்டியதுமில்லை. ஆயிரம் பேரை ஒருசேர அழைத்தாலும் நெரிசல் இல்லை. செய்தி சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது, அது ஒரு குறைதான்.

இந்தியாவில் 1995இல் வந்த பேஜர் சேவை செல்போன் மலிந்ததும் மறைந்தது. பிரிட்டனில் உயிர்மீட்புப் படகுத் தொண்டர்களை இன்றும் பேஜர்தான் கடலுக்கு அழைக்கிறது.

இராமநாதபுரம் கரைக்கு ஒருவழிச் செய்தி புதிதல்ல. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் யாரும் பதில் சொல்வதில்லை, படகை இழுத்துக் கட்டுகிறார்கள். ஆனால் கூண்டு கரையில் இருப்பவர் கண்ணுக்குத்தான். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னலும் போய்விடும். அதற்காகவே 2019இல் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. ககன் என்ற இந்திய வழிகாட்டி அமைப்பின் செயற்கைக்கோள் வழியாகப் புயல், அலை எச்சரிக்கை படகுக்கு வரும். படகிலிருந்து எதுவும் போகாது. பேஜரின் தம்பி என்றே சொல்லலாம். 'இதுல பேச முடியாட்டி எதுக்கு?' என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் எச்சரிக்கை வந்து சேர அது தேவையில்லை.

சரி, தமிழில்? 'தொலையழைப்பான்' என்றால் தொலைபேசி என்று குழம்பும். 'அகவி' அழகான சொல், ஆனால் பலருக்கு மயில்தான் நினைவுக்கு வரும். பள்ளியில் படித்த விளி வேற்றுமை எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் விளி. ஆகவே பேஜர் விளிப்பான், பேஜிங் விளிப்பு, அதன் கோபுரம் விளிப்புக் கோபுரம். பேச்சில் பேஜர் என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.