தண்ணீர் தெறித்ததும் சுண்டாதீர்கள்

அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு மறுபடியும் அதே காயம். புருவத்துக்குக் கீழே தொங்கும் பாப்பர் (தூண்டிலில் கட்டும், நீர்மேல் மிதக்கும் போலி இரை, அதாவது லூர்), அதன் கொக்கியில் ஒரு முள் இமைக்குள். இப்படி வருகிறவர்கள் சொல்வதும் ஒன்றேதான்: "பாஸ் மீன் மேலே வந்து அடிச்சுது, தூண்டில் கம்பைச் சுண்டினேன், எப்படி வந்துச்சுன்னே தெரியலை."

எப்படி வந்தது என்பதில் மர்மமே இல்லை. நீருக்குள் ஓடும் லூரைச் சுண்டினால், மீன் மாட்டாவிட்டாலும் தண்ணீர் அதை இழுத்துப் பிடிக்கும். மேலே மிதக்கும் டாப்வாட்டர் லூருக்கு அந்தப் பிடி கிடையாது. ராடை (தூண்டில் கம்பை) மேல்நோக்கி வெடுக்கென இழுத்தால் லூர் நீரைவிட்டு எகிறி நேரே உங்கள் முகத்துக்கு வரும். பெரும்பாலும் அதில் இரண்டு மும்முள் கொக்கிகள், ஆறு கூர்முனைகள். நீளாத பிரெய்டு நரம்பு (பின்னிய தூண்டில் கயிறு) என்றால் வேகம் இன்னும் கூடும்.

"உடனே சுண்டலேன்னா துப்பிடும்" என்பார்கள். இத்தனை காயத்துக்கும் வேர் இந்த நம்பிக்கைதான். தண்ணீர் தெறித்தது என்றால் மீன் பாய்ந்தது என்று மட்டுமே அர்த்தம், கவ்விவிட்டது என்று அர்த்தமில்லை. பாஸ் குறி தவறிப் பாயும். மூடிய வாயால் மோதிவிட்டுப் போகும். வாயைத் திறந்து உறிஞ்சும்போதே லூர் விளிம்பில் பட்டு ஒதுங்கிவிடும். சத்தத்துக்குச் சுண்டுகிறவர் இந்த மூன்றிலும் வெறும் லூரைத்தான் பிடுங்குகிறார். மீனும் போச்சு, கண்ணுக்கும் ஆபத்து. லூர் மறைந்து, நரம்பு இறுகி, கையில் கனம் தெரியட்டும். பிறகு ராடைத் தாழ்வாக, பக்கவாட்டில் வளைத்தபடி ரீலைச் சுற்றினால் போதும். மும்முள்ளின் மெல்லிய முனைக்கு முரட்டு இழுப்பு தேவையே இல்லை. தவளை லூரின் தடித்த கொக்கிக்குப் பலமான சுண்டு வேண்டும்தான், ஆனால் அதுவும் கனம் தெரிந்த பிறகே. கனமே தெரியவில்லையா? அதே தாளத்தில் லூரை ஓட்டிக்கொண்டே இருங்கள். தவறவிட்ட மீன் பல சமயம் திரும்பி வந்து அடிக்கும்.

அடுத்து கண்ணாடி. டாப்வாட்டருக்கு நல்ல நேரம் விடியலும் அந்தியும். வெளிச்சம் போதவில்லை என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தொப்பிமேல் ஏற்றிவிடுவதும் அதே நேரத்தில்தான். நிறமில்லாத பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். படகில் கூட இருப்பவருக்கும் ஒன்று. லூரை எறிய ராடைப் பின்னால் வீசும்போது மாட்டுவது அவர்தான்.

நீர்த்தேக்கங்களில் இன்னொரு கண்ணி, மூழ்கிய மரங்கள். நீருக்கு மேல் நீட்டிய கிளையில் சிக்கிய லூரை ராடு வளைய வளைய இழுக்காதீர்கள். கிளை விட்ட நொடியில் அது கவண்கல். படகை அருகில் கொண்டுபோய்க் கையால் எடுங்கள்.

மாட்டிவிட்டால்? கண்ணிலோ இமையிலோ என்றால் தொடவே கூடாது. தூண்டில் நரம்பை வெட்டுங்கள். லூர் ஆடாதபடி மேலே ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து, விளிம்பு எலும்பில் மட்டும் படும்படி ஒட்டுங்கள். அழுத்தக் கூடாது. அறுவை தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு, தண்ணீர் கொடுக்காமல் உடனே கிளம்புங்கள்.

கையில் ஒரு முள்ளும் துள்ளும் மீன் வாயில் இன்னொன்றுமாக இருந்தால், முதலில் மீனை அமுக்கிப் பிடித்து, லூரிலிருந்து கொக்கியை வெட்டி விடுங்கள். வந்த வழியே பிடுங்காதீர்கள். எதிர்முள் (முனைக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிய சிறு முள்) சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். தோலோடு மேலாக ஏறிய ஒற்றை முள்ளுக்கு மட்டும் நூல் முறை உண்டு. மற்ற முட்களை வெட்டிவிட்டு, கொக்கியின் வளைவில் கெட்டித் தூண்டில் நரம்பைச் சுற்றுங்கள். கொக்கியின் கண் (நரம்பு கட்டும் துளை) பக்கத்தைத் தோலோடு அழுத்திக்கொண்டு, தோலுக்கு இணையாக, முள் நுழைந்த திசைக்கு எதிராக ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். முகம், காது மடல், மூட்டு, ஆழமாக ஏறிய விரல், இவற்றில் வேண்டாம். அதெல்லாம் மருத்துவமனை வேலை.

வெளியே எடுத்ததும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். கடைசி டெட்டனஸ் ஊசிக்கு 5 ஆண்டு ஆகிவிட்டதென்றால் மறுபடி போட வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினை விழுங்கிச் சமாளிக்காதீர்கள். நன்னீர்க் காயங்களில் வரும் ஏரோமோனாஸ் கிருமி பொதுவாக அதற்கு மசிவதில்லை. சிவப்பு பரவினாலோ, விரலை மடக்க வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வாருங்கள்.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை போகுமுன் எல்லாக் கொக்கிகளின் எதிர்முள்ளையும் குறடால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் சுற்றினால் மீன் பெரும்பாலும் தப்பாது. உங்கள் தோலிலிருந்து அந்த முள் எளிதாக வந்துவிடும்.