நங்கூரம் போடும் முன் ஐந்து நிமிடம்

தைப்பூசம் முடிந்து, இடும்பன் பூஜையும் ஆன கையோடு என் கைப்பேசி அடிக்க ஆரம்பித்துவிடும். “அண்ணே, விரதம் முடிஞ்சிருச்சு. படகு இருக்கா?” வாரக்கணக்கில் மீனைத் தொடாதவர்களின் அவசரம் புரிகிறது. ஆனால் பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரையான செபராங் பிறைக்கும் நடுவே தண்ணீர் வேகமாக ஓடும் நாள்கள் அவைதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. பௌர்ணமியோ அமாவாசையோ கழிந்து ஓரிரு நாளில்தான் ஏற்றவற்றம் உச்சத்துக்குப் போகும். இங்கே அப்போது சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும், அதுவும் நாளுக்கு இரண்டு முறை. அவ்வளவு தண்ணீரும் அந்தக் குறுகிய வழியாகத்தான் போய்வர வேண்டும்.

அப்படி ஒரு நாளில் ஜெரெஜாக் தீவுப் பக்கம் ஒரு சின்ன ஃபைபர் படகைப் பார்த்தேன். சொந்தப் படகு, நான்கு பேர். நங்கூரக் கயிற்றைப் பின்பக்கத்தில், இன்ஜின் அருகே கட்டியிருந்தார்கள். கைக்கு வசதி என்று கட்டியதாகப் பிறகு சொன்னார்கள். படகில் ஏற்கெனவே பாரமான இடம் அதுதான். இன்ஜின், பெட்ரோல் டின், ஐஸ் பெட்டி எல்லாம் அங்கேதான். பக்கச்சுவர் தாழ்ந்திருப்பதும் அங்கேதான். நீரோட்டம் கயிற்றை இழுக்க இழுக்க அந்த முனை இன்னும் அமிழ்ந்தது. ஒருவருக்கு மீன் கடித்தது. மற்ற மூவரும் பார்க்கப் பின்னால் ஓடினார்கள். ஒரே ஒரு அலை, முழங்கால் வரை தண்ணீர்.

“கயிற வெட்டுங்க தம்பி!” என்று நான் கத்தினேன். கத்தி இரைப் பெட்டிக்குள் எங்கேயோ இருந்தது. நாங்கள் நெருங்கிப் போய் வெட்டிவிட்டதும் படகு தானாகத் திரும்பி நிமிர்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உயிர்காப்பு அங்கிகள் நான்கும் பிளாஸ்டிக் உறை பிரியாமல் முன்பக்கப் பெட்டியில் கிடந்தன.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தெக்கோங், அதாவது படகோட்டி, வேலைக்கு வந்த புதிதில் நானும் அதே தப்பைச் செய்திருக்கிறேன். அன்று காற்று குறைவு, பிழைத்தேன். நங்கூரக் கயிறு படகின் மூக்கில் மட்டும்தான். அலையைக் கிழிக்கச் செய்த முனை அது ஒன்றுதான்.

கயிற்றின் நீளத்தில்தான் அடுத்த கஞ்சத்தனம். 6 மீட்டர் ஆழம், தண்ணீருக்கு மேலே மூக்கின் உயரம் 1 மீட்டர் என்றால் மொத்தம் 7. அதைப்போல் குறைந்தது 5 மடங்கு, அதாவது 35 மீட்டர் விட வேண்டும். காற்று பலமாக இருந்தால் 7 மடங்கு. வற்றத்தில் போட்டுவிட்டு ஏற்றம் வரும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் அந்த 2 மீட்டரையும் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்துக் கிளப்பிவிடும். நுனியில் சில மீட்டர் சங்கிலி இருந்தால் நங்கூரம் படுத்தபடி மண்ணைக் கவ்வும்.

சரி, எங்கே நிற்பது? இன்ஜினை நியூட்ரலில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பினாங்குப் பாலத்துத் தூண் ஒன்றையும் அதன் பின்னால் தெரியும் கட்டடம் ஒன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால், படகு எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரிந்துவிடும். காற்றை முகத்தில் உணரலாம். நீரோட்டத்தைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. இரண்டும் ஒரே பக்கம் தள்ளினால் வேலை சுலபம். எதிரெதிராக இருந்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். படகு தன் நங்கூரக் கயிற்றின் மேலேயே ஏறி நிற்கும். தூண்டில் நரம்பு படகுக்கு அடியில் போய் இன்ஜின் காற்றாடியில் சுற்றும். அப்படிப்பட்ட இடத்தில் பிடிவாதம் பிடிக்காமல், காற்றுக்கு மறைவான தீவோரமாகப் போய்விடுங்கள். நீரோட்டம் திரும்பியதும் வரலாம்.

மீன் நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நிற்கும், இரை தன்னைத் தேடி வரட்டும் என்று. சியாக்காப்பும் (கொடுவா) கெராப்புவும் (களவா) கல், தூண் போன்றவற்றை ஒட்டி, வேகம் குறைந்த தண்ணீரில் ஒதுங்கும். அதனால் நீரோட்டத்துக்கு மேல்பக்கம் நின்று, உயிர் இறாலைத் தண்ணீரோடு இறங்கவிடுவதுதான் வழக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு. நங்கூரம் நழுவினால் படகும் அதே கல்மேல்தான் போய் விழும். அதனால் நான் கல்லுக்கு நேர் மேல்பக்கமாக நிற்க மாட்டேன். சற்றுப் பக்கவாட்டில் நின்று சாய்வாக எறியச் சொல்வேன். இரண்டு மீன் குறையலாம், பரவாயில்லை. பாலத்தூணில் கயிறு கட்டுகிற பேச்சே வேண்டாம். கப்பல், ஃபெரி போகும் வழியும், கடலடிக் குழாய்களும் கேபிள்களும் கிடக்கும் இடமும் நங்கூரத்துக்கு ஆகாது.

மிதந்தபடி மீன் பிடித்தால், காற்று வந்து மோதும் பக்கமாக நின்று தூண்டில் போடுங்கள். படகு விலக விலக நரம்பு வெளியே நீளும், அடியில் மாட்டாது.

தீவின் வடமேற்கே தெலுக் பஹாங் பாறைகளில் நின்று தூண்டில் எறிபவர்களுக்கும் ஒன்று. வலக்கையால் எறியும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தால் கொக்கி உங்கள் காதைத் தேடித்தான் வரும். இடத்தை மாற்றி, காற்று இடப்பக்கமோ முதுகிலோ படும்படி நில்லுங்கள். கறுத்து ஈரமாக இருக்கும் பாறையில் கால் வைக்காதீர்கள். அலை அங்கே வரை வருகிறது என்றுதான் அர்த்தம்.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, குறிப்பாக விடியலுக்கு முன்னும் காலையிலும், மேற்கே கறுப்பாக நீளமான மேகத்திரை எழும்பினால் அது சுமத்ரா காற்று. சட்டென்று குளிர் அடிக்கும், பிறகு யோசிக்க நேரம் இருக்காது. அதைப் பார்த்ததும் நான் நங்கூரத்தை எடுத்துவிடுவேன், யார் தூண்டிலில் என்ன கடித்துக்கொண்டிருந்தாலும். “இன்னும் பத்து நிமிஷம் அண்ணே” என்பார்கள். படகு வாடகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், அதோடு பேச்சு முடிந்துவிடும்.